தேன்நிலவுக்கு டஹிட்டி, போரா போரா: திருகோணமலையிலிருந்து போக என்னென்ன பார்க்க வேணும்?

உவர்மலை_சோடி கேட்டது:

வணக்கம். ஆவணிக் கடைசியில் எங்களுக்குக் கலியாணம். செப்டெம்பர் கடைசி வாரம், டஹிட்டி, போரா போரா எல்லாம் உள்ள பிரெஞ்சுப் பொலினீசியா போக யோசனை, மொத்தம் பத்து இரவு. இரண்டு பேரிடமும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். பத்து இரவையும் போரா போராவில் தண்ணீருக்கு மேல் கட்டிய குடிலிலேயே கழிக்கலாமா, அல்லது தீவு மாறுவது நல்லதா? எந்த வழியால் பறப்பது, என்ன விசா எடுப்பது? அவ சைவம், அங்கே சாப்பாடு எப்படி? நீச்சலும் அவவுக்குக் கொஞ்சம்தான். அனுபவமுள்ளவர்கள் விபரமாக எழுதினால் பெரிய உதவி.

அலஸ்தோட்டம் எழுதியது:

முதலில் கடதாசி வேலை. தீவைப் பிறகு பார்க்கலாம். இந்தப் பயணம் குழம்புவதென்றால் பெரும்பாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக முதலே குழம்பிவிடும்.

பிரெஞ்சுப் பொலினீசியா பிரான்சைச் சேர்ந்தது, ஆனால் ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா எல்லைக்குள் இல்லை. சாதாரண ஷெங்கன் விசாவை நம்பிப் புறப்படக் கூடாது. பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே போகும் இடம் பிரெஞ்சுப் பொலினீசியா என்று குறிப்பிட வேணும். கையில் வரும் விசாவிலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். கடல்கடந்த பிரதேசங்களுக்கான விண்ணப்பம் சாதாரண ஐரோப்பிய விசாவை விட இழுபடலாம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு கொடுத்துவிடுவது பாதுகாப்பு.

அப்படியானால் உங்கள் விண்ணப்பம் ஜூன் மாதம் போக வேணும், கலியாணமோ ஆவணியில். தம்பதியாக விண்ணப்பிக்க விவாகப் பதிவுச் சான்றிதழ் தேவை. ஆகவே எழுத்தை, அதாவது விவாகப் பதிவை, வைகாசியிலேயே முடித்துவிடுங்கள், தாலி கட்டு ஆவணியில் நடக்கட்டும். சான்றிதழ் தமிழில் இருக்கும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலப் பிரதி எடுத்து, மூலத்தோடு சேர்த்து வையுங்கள்.

பெயரில்தான் நம்முடைய ஆட்கள் கூட இடறுகிறார்கள். மணமகளின் பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் இருக்கும். புதுக் கலியாணம் என்ற சந்தோசத்தில் டிக்கெட்டில் கணவன் பெயரைச் சேர்த்துப் போட்டால், செக்-இன் மேசையில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இரண்டு ஆளாக நிற்கும். டிக்கெட், விசா, ஹோட்டல், காப்புறுதி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றுவதைத் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வழி: கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 4 மணித்தியாலம், அங்கிருந்து ஓக்லாந்து 10, ஓக்லாந்திலிருந்து டஹிட்டித் தலைநகர் பப்பேட்டே 5. லொஸ் ஏஞ்சலிஸ் வழியாகவும் போகலாம், ஆனால் அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேணும். எனவே ஓக்லாந்துதான் லேசு. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு நியூசிலாந்துத் தரிப்பு விசா தேவை. அந்த விசாவில் விமான நிலையத்தின் தரிப்புப் பகுதிக்குள்ளே அதிகபட்சம் 24 மணித்தியாலம் இருக்கலாம், வெளியே வர முடியாது. பப்பேட்டே விமானமோ தினமும் இல்லை. இணைப்பு 24 மணித்தியாலத்தைத் தாண்டினாலும், டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்கிப் பொதியை எடுத்துத் திரும்பப் போட வேண்டி வந்தாலும், தரிப்பு விசா உதவாது. சுற்றுலா விசாவே எடுக்க வேணும். திரும்பும் பயணத்தையும் இதே கணக்கில் பாருங்கள். கட்டுநாயக்காவிலிருந்து பப்பேட்டே வரை ஒரே டிக்கெட்டாக வாங்கினால் பொதியும் நேரே போகும், ஒரு விமானம் பிந்தினாலும் அடுத்ததில் ஏற்றும் பொறுப்பு அவர்களுடையது.

ஒழுங்கு இப்படி: முதலில் பிரெஞ்சு விசா, பிறகு நியூசிலாந்து. போய்ச் சேரும் நாட்டுக்கு அனுமதி இருக்கிறதென்று காட்டினால்தான் தரிப்பு விசா சுகமாகக் கிடைக்கும். இரண்டும் கைக்கு வரும்வரை, காசு திரும்பக் கிடைக்கும் வகை ஹோட்டல் பதிவுகளை மட்டும் செய்யுங்கள்.

கொட்டியாரக்குடா எழுதியது:

அலஸ்தோட்டம் சொன்னதோடு திகதியையும் கவனியுங்கள். ஓக்லாந்துக்கும் டஹிட்டிக்கும் இடையில் சர்வதேசத் திகதிக்கோடு. சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு ஓக்லாந்தில் ஏறி 5 மணித்தியாலம் பறந்தால், பப்பேட்டேயில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை இரவு 11 மணி. ஹோட்டலைச் சனிக்கிழமைக்குப் பதிவு செய்திருந்தால் அன்றிரவு படுக்க இடமில்லை. வரும்போது மறுவளம்: ஞாயிறு காலை 8 மணிக்கு ஏறினால் ஓக்லாந்தில் திங்கள் மத்தியானம். உங்களுக்கு இன்னொன்றும் உண்டு. செப்டெம்பர் கடைசி ஞாயிறு நியூசிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள். போகும்போது இருந்த வித்தியாசம் வரும்போது இருக்காது. டிக்கெட்டில் அச்சடித்த உள்ளூர் நேரத்தை மட்டும் நம்புங்கள், விரல்விட்டு எண்ண வேண்டாம்.

மாதம் நல்ல மாதம். அங்கே மே முதல் ஒக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புழுக்கமும். ஜூன், ஜூலை, ஓகஸ்டில் தென்கிழக்கிலிருந்து மாரஆமு என்ற காற்று விசிறி அடிக்கும், செப்டெம்பர் கடைசியில் அது பெரும்பாலும் தணிந்திருக்கும். கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டியோடு நிற்கும் காலமும் அதுவே.

இப்போது உங்கள் கேள்வி. பத்து இரவும் நீர்மேல் குடிலில் வேண்டாம். போரா போராவில் அப்படியான குடில் ஓர் இரவுக்கு ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டுவது சாதாரணம். காசை விட்டாலும், அந்த ஹோட்டல்கள் மோட்டு எனப்படும் பவளப்பாறையோர மணல்தீவுகளில் தனித்து நிற்கின்றன. வெளியே சாப்பிட வைட்டாப்பே ஊருக்குப் போவதென்றாலும் படகு, அதற்கும் நேரம், காசு. அறை விலையை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்காமல் போகிறவர்கள் மூன்றாம் நாள் திகைக்கிறார்கள்.

இப்படிப் பிரித்தால் நன்றாக வரும்: பப்பேட்டேயில் ஓர் இரவு, மோரேயாவில் நான்கு, ஹுவாஹினேயில் இரண்டு, போரா போராவில் இரண்டு, கடைசி இரவு திரும்பப் பப்பேட்டே. இரவு 11 மணிக்கு இறங்கினால் தீவு விமானம் ஒன்றும் இராது, அந்த முதல் இரவைத் தவிர்க்க முடியாது. மோரேயாவுக்கு விமானம் வேண்டாம், பப்பேட்டேத் துறையிலிருந்து ஃபெரியில் அரை மணித்தியாலம், கூடினால் முக்கால். குக் குடா, ஓப்புனோஹு குடா என்று இரண்டு ஆழக் குடாக்கள் தீவுக்குள்ளே வெட்டிக்கொண்டு போகும், இரண்டையும் ஒன்றாகப் பார்க்க பெல்வெடேர் மேட்டில் ஏற வேணும். அந்தக் காட்சிக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கக் கொடுக்கலாம். தீவைச் சுற்றும் வீதி சுமார் 60 கிலோமீற்றர். ஸ்கூட்டர் எடுத்தால் அங்கே வலப்பக்கம் ஓட வேணும் என்பது சந்தியில் திரும்பும்போதுதான் மறந்துபோகும்.

குடிலைக் கடைசிக்கு வையுங்கள். நமக்கும் டஹிட்டிக்கும் பதினைந்தரை மணித்தியால வித்தியாசம். முதல் இரண்டு நாள் பகலில் தூங்கி இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நித்திரைக்கு ஆயிரம் டொலர் கொடுப்பது வீண். பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: குடிலின் ஏணியடியில் தண்ணீர் எவ்வளவு ஆழம், குடில் எந்தத் திசை பார்க்கிறது? சில குடில்களின் கீழே இடுப்பளவு தண்ணீர், வெள்ளை மணல். சிலவற்றின் கீழே ஆழம். கொஞ்சம் நீந்துகிறவர்களுக்கு முதலாவதுதான். கிழக்குப் பக்க மோட்டு ஹோட்டல்களிலிருந்து 727 மீற்றர் ஒட்டெமானு மலை நேரே தெரியும், சூரியன் அதன் பின்னால் விழும்.

இந்தக் குடில் ஏதோ பழைய மரபு என்று பலர் நினைக்கிறார்கள். 1967இல் ரையாட்டேயாத் தீவில் ஹோட்டல்காரர்கள் சிலர் தொடங்கியது அது. கரையில் மணல் இல்லாததால் அறையைக் கடலுக்கு மேலேயே தூக்கிக் கட்டினார்கள்.

சில்லறை விபரங்கள்: நாணயம் பசிபிக் ஃபிராங், ஒரு யூரோவுக்கு 119.33 என்று நிலையாகக் கட்டியிருக்கிறார்கள். எனவே கையில் யூரோவாகக் கொண்டு போங்கள், நம்முடைய ரூபாயை அங்கே மாற்ற முடியாது. பிளக் பிரெஞ்சு வகை, இரண்டு உருண்டைக் குச்சி; அடாப்டரைக் கொழும்பிலேயே வாங்குங்கள். போரா போரா விமான நிலையமும் ஒரு மோட்டுவில்தான். விமானக் கம்பனியின் படகு வைட்டாப்பேக்கு இலவசம், ஹோட்டல் படகுக்குப் பல இடங்களில் ஆளுக்கு இவ்வளவென்று தனியாக எடுப்பார்கள். பதிவு செய்யும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள்.

சல்லிக்கரை எழுதியது:

நீச்சல் கொஞ்சம் என்றதால் கடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அங்கே தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி, அதற்குள்ளே களப்பு. வெளிக்கடல் அலை பாறைக்கு மேலால் உடைந்து தண்ணீரைக் களப்புக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த அவ்வளவு தண்ணீரும் வெளியே போக இருக்கிற வாசல், பாறையில் உள்ள இடைவெளிதான். அதைப் பாஸ் என்பார்கள். ஆகவே மேலே பார்க்கக் கண்ணாடி போலக் கிடந்தாலும் பாஸ் பக்கம் நீரோட்டம் வெளியே இழுக்கும். வெளியில் அலை பெரிதாக இருக்கும் நாளில் இழுவையும் கூடும். போரா போராவைச் சுற்றி ஒரேயொரு பாஸ், மேற்கில் தேயவானுயி. மோரேயாவில் பல. ஒவ்வொரு இடத்திலும் கடலில் இறங்க முதல் "பாஸ் எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள், அதற்கு எதிர்ப்பக்கமாகவே மிதந்து பழகுங்கள். இழுவைக்குள் அகப்பட்டால் எதிர்த்து நீந்திக் களைக்காமல், குறுக்காகப் பாறைப் பக்கம் ஒதுங்க வேணும்.

திருகோணமலைக்காரருக்கு ஒரு புதினம். நம்மிடம் வத்தும் பெருக்கும் அமாவாசை, பறுவத்தைப் பார்த்து நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போகும். டஹிட்டியில் அப்படியில்லை. சந்திரனின் வற்றுப்பெருக்கு ஏறக்குறைய அசையாமல் நிற்கும் புள்ளிக்குப் பக்கத்தில் அந்தத் தீவு இருப்பதால், அங்கே சூரியனுடைய பெருக்கே மேலோங்கும். கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் மத்தியானமும் நடுச்சாமமும் பெருக்கு, காலையும் மாலையும் வத்து. உயரம் ஒரு முழம்கூட வராது. ஆனாலும் பவளத்துக்கு மேலே மிதக்கிறவருக்கு அந்த ஒரு சாண் தண்ணீர் பெரிய விஷயம். காலை ஆறு மணிக்குப் போனால் வயிறு பவளத்தில் உரசும். பத்து மணிக்குப் பிறகு தாராளம்.

பயிற்சிக்கு எங்கேயும் அலைய வேண்டாம், நிலாவெளியில் புறாத்தீவு இருக்கிறது. ஆவணி வரை கடல் அமைதி. பாதுகாப்பு அங்கி போட்டு, முதல் நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் தாழ்த்தி, வாயால் நிதானமாக மூச்சுவிட நூறு வரை எண்ணுங்கள். காலடிக்கிறதெல்லாம் பிறகு. பலர் குழாயில் தண்ணீர் வந்ததும் நிமிர்ந்து பதறுகிறார்கள். அப்போது செய்ய வேண்டியது, "தூ" என்று ஒரே ஊதலில் பலமாக ஊதுவது. அதை இங்கேயே இருபது தரம் பழகிவிட்டால் பொலினீசியாவில் பயம் வராது. புறாத்தீவில் திரியும் கருமுனைச் சுறாவேதான் அங்கேயும் களப்பில் திரியும். துரத்தாவிட்டால், இரை காட்டாவிட்டால், தன் பாட்டில் போகும்.

முகமூடியை வாங்கிக்கொண்டே போங்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல உறிஞ்சிப் பாருங்கள். கையை விட்டாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. மாப்பிள்ளைக்கு மீசை இருந்தால் மூக்குக்குக் கீழே உள்ள மயிரால் தண்ணீர் கசியும், மேல்வரியைக் கொஞ்சம் கத்தரித்துவிட்டால் போதும். கடல் நம்முடையதை விடச் சற்றுக் குளிர், அரை மணியில் நடுக்கம் வரும். கைநீள நீச்சல் சட்டை குளிருக்கும் வெயிலுக்கும் உதவும். இறப்பர்ச் செருப்பு இல்லாமல் இறங்க வேண்டாம், கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் முள் பொல்லாதது. குத்தினால் தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் காலை வைத்தபடி உடனே வைத்தியரிடம் போக வேணும். பவளம் கீறினால் சின்னக் காயம்தானே என்று விடாதீர்கள், நல்ல தண்ணீரில் துகள் போகத் தேய்த்துக் கழுவி மருந்து போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாளில் சீழ் வைக்கும்.

நிலாவெளி_அக்கா எழுதியது:

தங்கச்சிக்குச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் கேட்டு வாங்க வேணும். அங்கே மீனும் இறைச்சியும்தான் முதன்மை. சைவம் என்றால் சிலர் மீன் சேரும் என்று நினைப்பார்கள். "சான் வியாந்த், சான் புவாஸோன்" என்று பிரெஞ்சில் சொல்லுங்கள், இறைச்சியும் இல்லாமல் மீனும் இல்லாமல் என்று பொருள். ஒரு கடதாசியில் எழுதி வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது.

நமக்குப் பழகின சாமான் நிறைய உண்டு. ஊரு என்று அவர்கள் சொல்வது நம்முடைய ஈரப்பலாக்காய். முழுக்காயைத் தணலில் தோல் கரியாகும்வரை சுட்டு, உரித்து, நடுத்தண்டை நீக்கிப் பிட்டுத் தேங்காய்ப்பாலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். வெளியே கரி, உள்ளே மாவாக வெந்த வெள்ளைச் சதை, ஆவி பறக்கும். 1789இல் கலகம் நடந்த பவுண்டிக் கப்பல் டஹிட்டிக்குப் போனதே இந்த மரத்தின் கன்றுகளை எடுத்துவரத்தான். சேம்பங்கிழங்கும் வாழையும் தாராளம். சேம்பிலையைத் தேங்காய்ப்பாலில் சமைத்த ஃபாஃபாவில் கோழி போடுவது வழக்கம், கேட்டுக்கொள்ளுங்கள். பழத்தை மசித்து மாவோடு அவித்துத் தேங்காய்ப்பால் ஊற்றும் போஎ என்ற இனிப்பைத் தயங்காமல் சாப்பிடலாம். சீன வம்சாவளியினரின் கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. நூடில்ஸ், அரிசி, மரக்கறி அங்கே கிடைக்கும். மோரேயாவிலும் ஹுவாஹினேயிலும் சமையலறையோடு கூடிய விடுதி எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும், செலவும் இறங்கும்.

வீட்டிலிருந்து கறிவேப்பிலை, பழம், விதை, தேன் ஒன்றும் கொண்டு போகாதீர்கள். தாவரப் பாதுகாப்பில் கடுமையான இடம். கடையில் வாங்கிய, மூடி முத்திரையிட்ட தூள் இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். நியூசிலாந்தில் வெளியே வருகிறவர்கள் எழுதாமல் விட்ட ஒரு அப்பிள் பழத்துக்கே 400 நியூசிலாந்து டொலர் அபராதம் கட்ட வேண்டி வரும்.

தம்பி மீன் சாப்பிடுவார் என்றால் அவருக்கும் ஒரு சொல். பாறைமீனில் சிகுவாடெரா என்ற நஞ்சு சேரும். பாறையில் வளரும் நுண்பாசியிலிருந்து சின்ன மீனுக்கும், அதைத் தின்னும் கலவாய் போன்ற பெரிய மீனுக்கும் ஏறிக்கொண்டே போகும். எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது, மீனின் நிறத்திலும் மணத்திலும் தெரியாது. குளிர்ந்த தண்ணீர் தொட்டால் சுடுவது போல் இருப்பது அதன் அடையாளம். ஆழ்கடல் சூரை பயமில்லை. எலுமிச்சம்புளியும் தேங்காய்ப்பாலும் விட்ட அவர்களுடைய பச்சை மீன் உணவும் பெரும்பாலும் சூரையில்தான்.

இன்னொன்று, தங்கச்சி. தியாரே என்ற வெள்ளைப் பூ தருவார்கள், நல்ல வாசம். கலியாணம் முடித்தவர்கள் இடக் காதில் செருக வேணும். வலக் காது தனியாள் என்பதற்கு அடையாளம். அந்தப் பூவைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்ததுதான் மொனோயி. அம்மாமாருக்குக் கொண்டுவர அதைவிட நல்ல சாமான் இல்லை.

உவர்மலை_சோடி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. பிரெஞ்சு விசா பிந்தினால் அல்லது செலவு கட்டுப்படியாகாவிட்டால், அதே மாதிரிக் களப்பு உள்ள வேறு இடம் உண்டா? கூக் தீவுகள் என்று ஒருவர் சொன்னார்.

அலஸ்தோட்டம் எழுதியது:

அது நல்ல மாற்று. கூக் தீவுகளுக்குச் சுற்றுலாவாகப் போகிறவர்கள் 31 நாள் வரை முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்குமிடப் பதிவும் காட்ட வேணும். ஆனால் வழி ஓக்லாந்துதான், நியூசிலாந்து விசாவைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அப்படியே பொருந்தும். திகதிக்கோடும் அதே, நேரமும் டஹிட்டியின் நேரமே.

ஓக்லாந்திலிருந்து அங்குள்ள முக்கிய தீவான ரரொடோங்கா ஏறக்குறைய 4 மணித்தியாலம். தீவைச் சுற்றும் வீதி 32 கிலோமீற்றர், ஒரு பஸ் வலஞ்சுழியாகவும் இன்னொன்று இடஞ்சுழியாகவும் ஓடும், நம்மைப் போல இடப்பக்கம். நாணயம் நியூசிலாந்து டொலர், பிளக் அவுஸ்திரேலிய வகை. பத்து இரவில் ஆறை ரரொடோங்காவின் மூரிப் பக்கத்திலும் நான்கை ஐடுடாக்கித் தீவிலும் வையுங்கள். ஐடுடாக்கிக்குச் சின்ன விமானத்தில் முக்கால் மணித்தியாலம். போரா போராக் களப்போடு சரிக்குச் சரி நிற்கும் களப்பு என்றால் அதுதான், அங்கே மலை மட்டும் உயரம் குறைவு. நாள் படகுப் பயணத்தில் ஒற்றைக்கால் தீவில் இறக்குவார்கள், பாஸ்போர்ட்டைக் கொண்டு போனால் கால் வடிவ முத்திரை ஒன்று குத்தித் தருவார்கள். ஞாயிறு எல்லாம் தேவாலயத்தோடு நின்றுவிடும், கடைகள் பெரும்பாலும் பூட்டு; சனிக்கிழமையே சாமான் வாங்கி வையுங்கள்.

சல்லிக்கரை சொன்ன பாஸ் விஷயம் ரரொடோங்காவிலும் உண்டு. தெற்குப் பக்கத்தில் அவாவரோவா, பப்புவா என்ற இரண்டு பாஸ்களிலும் ஆட்கள் இழுபட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் ஆள் மூரிக் களப்பின் உட்பக்கத்தில் மட்டும் இறங்கட்டும்.

வீட்டுக்குக் கோல் எடுக்க: அங்கே பின்னேரம் 6 மணி என்றால் திருகோணமலையில் மறுநாள் காலை ஒன்பதரை. அம்மாமார் சமையலுக்குள் போக முதல் பேசிவிடலாம்.